மாங்கா அண்ணனின் வலது கை

ஏழு எமிரேட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிச் சல்லடையில் சலித்தாலும், பேஸ்பால் எறிவதற்காகவே சம்பளம் வாங்கிய தமிழர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் மாங்கா அண்ணன். இன்னொருவரும் இருந்தார் என்று யாராவது கடிதம் எழுதுவதாக இருந்தால் ஆதாரத்தோடு எழுதுங்கள். நானும் சும்மா விடுவதாக இல்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், ஜெபல் அலியில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கிடங்கில் எனக்கு டாக்குமெண்ட் கிளார்க் வேலை. இயந்திர உதிரிபாகங்கள் கன்டெய்னரில் வரும், அட்டைப் பெட்டிகளில் போகும். எது வந்தது, எது போனது என்று டைப் அடித்துக்கொண்டே இருப்பேன். மாங்கா அண்ணன் அங்கே ஹெல்பர், உளுந்தூர்பேட்டைப் பக்கம். பாஸ்போர்ட்டில் அவருக்கு அப்பா பெயர், தாத்தா பெயரெல்லாம் சேர்த்து நீளமாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

முதல் நாள் நான் எங்கள் திருநெல்வேலி வழக்கப்படி "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"இன்னா சார், நான் மளிகைக் கடையா வச்சிருக்கேன்? அண்ணேன்னு கூப்புடுங்க, போதும்" என்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவருக்குக் கடைசி வரைக்கும் சார்தான். அந்தக் கிடங்கில் என்னை சார் என்று கூப்பிட்ட ஒரே ஜீவன் அவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் வந்த கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்குப் பின்னால் இருந்த மண் தரையில் டென்னிஸ் பால் கிரிக்கெட் நடக்கும். பந்து போடும்போது முழங்கையை மடக்கி எறிந்தால் நம்மூரில் மாங்கா அடிப்பது என்போம், மரத்தில் மாங்காய் அடிக்கிற மாதிரி இருப்பதால். அண்ணனுக்கு வேறு மாதிரி போடவே வராது. ஓடி வருவார், கையை மடக்குவார், விட்டால் பந்து கண்ணுக்குத் தெரியாது. ஸ்டம்பு மட்டும் படுத்துக் கிடக்கும். உடனே நாலா பக்கமும் "நோ பால்" என்று கத்துவார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம் என்று நான்கு நாட்டுக்காரர்களும் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில் ஒருமனதாக இருந்தார்கள் என்றால், அது அண்ணன் கையில் பந்தைக் கொடுக்கக் கூடாது என்பதில்தான். "பாய், தும் காலி ஃபீல்டிங் கரோ" என்று, ஃபீல்டிங் மட்டும் செய்யச் சொல்லிப் பவுண்டரிக்கு அனுப்பிவிடுவார்கள். அவரும் போய் நிற்பார். முகத்தில் வருத்தம் இருக்கும்.

ஊரில் அவர் கட்டட வேலை பார்த்தவர். கீழே நின்று இரண்டு செங்கல்லைச் சேர்த்துப் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து வீசினால், இரண்டாம் மாடி சாரத்தில் நிற்கிறவர் கைக்குப் போய்ச் சேரும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வீசுவாராம். "வேகமா வீசறது பெருசில்ல சார். மேல பிடிக்கிறவன் ஒத்தக் கம்புல நிக்கிறான். அவன் கை நோவக் கூடாது. கல்லு அவன் கையில போய் உக்காரணும்" என்பார். சொல்லிவிட்டு மேஜையில் இருக்கும் என் ஸ்டேப்ளரை எடுத்துத் தூரத்தில் நின்று, "கையை நீட்டுங்க சார், வந்து உக்காரும்" என்பார். நான் நீட்ட மாட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எது பறந்து வந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம்.

ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் பழுதாகி நின்றுவிட்டது. மேல் தட்டுக்கு இருநூறு சின்னப் பெட்டிகள் ஏற வேண்டும். அண்ணன் யாரையும் கேட்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரோமி என்ற பிலிப்பினோக்காரனை ஏணியில் மேலே ஏற்றிவிட்டு, கீழே நின்று ஒவ்வொரு பெட்டியாக வீச ஆரம்பித்தார். ஒரு பெட்டி கூடத் தவறவில்லை, ஒரு சத்தம் இல்லை. நூற்று ஐம்பதாவது பெட்டி போய்க்கொண்டிருக்கும்போது வேர்ஹவுஸ் மேனேஜர் வந்துவிட்டார். அவர் அமெரிக்கர், எந்நேரமும் தொப்பி போட்டிருப்பதால் எங்களுக்குத் தொப்பி சார். பாதுகாப்பு விதிகளின்படி அன்றைக்கே அண்ணனை விமானம் ஏற்றியிருக்கலாம். தொப்பி சார் என்ன செய்தார் தெரியுமா? மிச்சம் ஐம்பது பெட்டியும் ஏறி முடிகிற வரை வாயைப் பிளந்து நின்று பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போய் ஒரு வெள்ளைப் பந்தைக் கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்தார்.

"எறியச் சொல்" என்றார் என்னிடம். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. தொப்பி சாருடைய ஆங்கிலம் எனக்கே பாதிதான் புரியும். அன்றைக்குத் தொடங்கியது என் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம்.

அண்ணன் பந்தை உருட்டிப் பார்த்தார். "சார், கையை மடக்கி எறியலாமான்னு கேளுங்க."

கேட்டேன். "மடக்காமல் எப்படி எறிவது?" என்றார் தொப்பி சார்.

"மடக்கலாமாம்ணே."

"நோ பால் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்களாம்."

அண்ணன் என்னை நம்பாமல் ஒரு தடவை பார்த்தார். பிறகு ரோமியை முப்பது தப்படி தள்ளி நிறுத்திவிட்டு எறிந்தார். ரோமி கையை உதறிக்கொண்டு அவன் பாஷையில் அவன் அம்மாவைக் கூப்பிட்டான். அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் தனியாக வந்து, "நாலு நாட்டுக்காரன் தப்புன்னு சொன்னதை ஒருத்தர் சரின்னு சொல்றாரு சார்" என்றார். 

வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே ஒரு பேஸ்பால் லீக் நடந்துகொண்டிருந்தது. சில அமெரிக்கக் கம்பெனிகள், ஒரு ஜப்பான் கம்பெனி, பிலிப்பினோக்களின் சங்கம் ஒன்று. அதில் எங்கள் கம்பெனி மூன்று வருடமாகக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் பர் துபாயில் ஓர் இண்டர்நெட் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விதிகளைப் படித்து, அரைகுறையாகப் புரிந்துகொண்டு அண்ணனுக்கு வகுப்பு எடுத்தேன்.

"அடிக்கிறவன் நாலு மூலையையும் சுத்திட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்தா ஒரு ரன்னு."

"புறப்பட்ட எடத்துக்கேவா? அப்ப இன்னாத்துக்கு சார் ஓடணும்?"

"நாம எதுக்கு இங்க வந்தோம்? திரும்பிப் போறதுக்குத்தானே."

"அதுவும் நியாயந்தான்" என்றார். அதற்கு மேல் அவருக்கு எந்த விதியும் தேவைப்படவில்லை. அடிக்கிறவன் இடது கைக்காரனா, வலது கைக்காரனா, பெரிய ஆட்டக்காரனா, எதையும் பார்க்க மாட்டார். அவனுக்குப் பின்னால், பந்தைப் பிடிக்கக் கையில் உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரோமியை மட்டும் பார்ப்பார். "நடுவுல ஒருத்தன் கட்டையை வச்சிக்கிட்டு நிக்கிறான் சார், அவன் பாட்டுக்கு நிக்கட்டும். எனக்குப் பிடிக்கிறவன்தான் கணக்கு."

முதல் மேட்சுக்கு முன்னால் பந்தை எடுத்துக்கொண்டு பர் துபாய் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். மைதானத்தில் பந்தை வாங்கிப் பார்த்த அம்பயர் முகம் மாறிவிட்டது. பந்தெல்லாம் விபூதி. பேஸ்பாலில் பந்தின் மீது எதையாவது பூசுவது பெரிய குற்றமாம். அம்பயர் மோந்து பார்த்தார். இன்னொரு அம்பயரைக் கூப்பிட்டார். அவரும் மோந்து பார்த்தார். எதிரணி கேப்டன் கத்திக்கொண்டு ஓடி வந்தார். விபூதிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அந்த நேரம் பார்த்து எனக்கு வரவில்லை. "சாமி பவுடர்" என்று உளறி வைத்தேன். பந்தை மாற்றிவிட்டார்கள். "பரவால்ல சார், கையில கொஞ்சம் ஒட்டியிருக்குது" என்று அண்ணன் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அதே மேட்சில் ஒரு பந்து நழுவி, ஆறரை அடி அமெரிக்கன் ஒருவன் தோளில் பட்டது. பேஸ்பாலில் அப்படிப் பட்டால் சில ஆட்டக்காரர்கள் மட்டையைப் போட்டுவிட்டு எறிந்தவனை அடிக்க ஓடி வருவார்கள். அவன் ஓடி வந்தான். எங்கள் ஆளும் அவனை நோக்கி ஓடினார். மைதானமே எழுந்து நின்றது. நடுவில் சந்தித்ததும் அண்ணன் அவன் தோளைப் பிடித்து, "அடடடா, பட்டுடிச்சா, பட்டுடிச்சா" என்று பரபரவென்று தேய்த்துவிட ஆரம்பித்தார். நம் வீட்டில் குழந்தை முட்டிக்கொண்டால் தேய்த்துவிடுவோமே, அதே தேய்ப்பு. ஓங்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான். "தேய்க்கலன்னா ரத்தம் கட்டிக்கும், அசையாம நில்லு" என்று தமிழில் அதட்டினார் அண்ணன். அவன் அசையாமல் நின்றான். அந்த சீசன் முழுக்க அவன் எங்கள் மேட்சு ஒவ்வொன்றுக்கும் வந்து கை தட்டினான்.

மூன்று மேட்ச் ஜெயித்ததும் தொப்பி சார் அண்ணனை லோடிங்கிலிருந்து எடுத்து கேட்டில் உட்கார வைத்தார். ஏசி ரூமில் நாற்காலி, வண்டி நம்பர் எழுத ஒரு ரிஜிஸ்டர், கம்பெனிச் செலவில் தினமும் காலையில் இரண்டு அவித்த முட்டை. விசா என்னவோ ஹெல்பர்தான், ஆனால் வாங்குகிற சம்பளம் வெள்ளிக்கிழமைக்கு என்று எல்லோருக்கும் தெரியும். முட்டையில் ஒன்றை அண்ணன் ரோமிக்குக் கொடுத்துவிடுவார். "என் கல்லை வாங்குறவன் அவன்தானே சார்."

என் மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொப்பி சார் பத்து நிமிடம் வியூகம் விளக்குவார். நான் அண்ணனிடம், "நல்லா போடச் சொல்றாரு" என்பேன். அண்ணன் ஐந்து நிமிடம், ரோமி சரியாகச் சாப்பிடுவதில்லை, அவனுக்கும் இரண்டு முட்டை சொல்லக் கூடாதா என்று பேசுவார். நான் தொப்பி சாரிடம், "சரி என்கிறார்" என்பேன். இரண்டு சீசன் இப்படியே ஓடியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். எல்லா மேட்சிலும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அண்ணன்தான் எறிந்தார். வேறு ஆள் இல்லை. ஒரு மனிதனின் கை எத்தனை எறி தாங்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது சீசன் முடிகிற நேரத்தில், அண்ணன் மெஸ்ஸில் ஸ்பூனால் சாப்பிடுகிறார் என்று கேம்ப்பில் பேச்சு கிளம்பியது. "மாங்கா வெள்ளைக்காரனா மாறிட்டான்டா." "நாளைலேருந்து முள்கரண்டியும் வரும் பாரு." நானும் சிரித்தேன். ஒரு வியாழக்கிழமை மதியம் எதிரில் போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், ஸ்பூன் இடது கையில் இருந்தது. வலது கை மேஜைக்குக் கீழே மடியில் கிடந்தது.

"என்னண்ணே, கை?"

"ஒண்ணுமில்ல சார்."

"மடக்குங்க பாப்போம்."

அவர் மடக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "வாய் வரைக்கும் வர மாட்டேங்குது சார்" என்றார்.

நான்தான் வற்புறுத்தி கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் முழங்கையைத் தொட்டதும் அண்ணனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் இப்படி எறிந்தால் இந்தக் கை சோற்றை எடுத்து வாயில் வைக்கக் கூட உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, இறுதி ஆட்டம்.

அங்கேதான் சிக்கல். கம்பெனி அப்போது ஆள் குறைக்க ஆரம்பித்திருந்தது. ஒப்பந்தம் முடிகிற ஹெல்பர்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று சனிக்கிழமை பட்டியல் போடப்போகிறார்கள். அண்ணனுடைய ஒப்பந்தமும் முடிகிறது. ஊரில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது. ஊரெல்லாம் மாடி எழுப்பியவருடைய வீட்டுக்கு மேலே வானம். இன்னும் இரண்டு வருட விசா கிடைத்தால் காங்கிரீட் போட்டுவிடலாம்.

"கை போச்சுன்னு தெரிஞ்சா கலாஸ் சார், அனுப்பிடுவாங்க. ஹெல்பருங்க ஆயிரம் பேரு கெடைப்பாங்க. தொப்பி சாராண்ட சொல்லிடாதீங்க. சத்தியம் பண்ணுங்க" என்று இடது கையை நீட்டினார். நான் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இறுதி ஆட்டம் ஜப்பான் கம்பெனியோடு. மொத்தம் ஏழு இன்னிங்ஸ். ஐந்து முடிந்தபோது நாங்கள் மூன்று ரன் முன்னால் இருந்தோம். அண்ணன் எப்படி எறிந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பந்துக்கும் உதட்டைக் கடிப்பார், எனக்குப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொள்வேன். ஆறாவதில் இரண்டு பந்து ரோமி தலைக்கு மேலே போயிற்று. இரண்டு வருடத்தில் அவன் எழுந்து ஓடிப் பந்தை எடுத்தது அன்றைக்குத்தான். தொப்பி சார் என்னைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார்.

"கை எப்படி இருக்கிறது என்று கேள்" என்றார்.

கேட்டேன். அண்ணன் சிரித்த முகத்தை மாற்றாமலே, "போயிடிச்சி சார். ரோமி கையைப் பாத்துத்தான் வீசறேன், அது பாட்டுக்கு எங்கியோ போவுது. நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க" என்றார்.

இரண்டு வருடமாகப் பொய்யையே மொழிபெயர்த்தவன் நான். இன்னொன்று சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாயைத் திறந்தபோது அந்த ஸ்பூன் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. "கை போய்விட்டது என்கிறார். இனி எறிந்தால் சாப்பிட முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அது.

கேட் வேலையில் அண்ணன் நாலு ஆங்கில வார்த்தை கற்றுக்கொண்டிருந்தார் என்பதை நான் மறந்துவிட்டேன். "டாக்டர்" என்ற வார்த்தை வந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "நோ டாக்டர் சார், நோ பெயின், மாஃபி முஷ்கில்" என்று, ஒரு பிரச்சினையும் இல்லை என்பதற்குத் தெரிந்த அரபியையும் சேர்த்துத் தொப்பி சாரிடம் கெஞ்சினார். தொப்பி சார் பந்துக்காகக் கையை நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு முழங்கையை மடக்காமல், கால் இரண்டையும் அகட்டி, குனிந்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து பந்தை மேலே வீசினார். அது தென்னை உயரத்துக்குப் போய், நிதானமாக இறங்கி, ரோமியின் உறைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"இது என்ன?" என்றார் தொப்பி சார்.

"செங்கல், சார்" என்றேன்.

கீழ்க்கையால் எறிவதற்கு விதியில் தடை இல்லை. மிச்ச ஆட்டம் முழுக்க அண்ணன் செங்கல்தான் வீசினார். மின்னல் வேகப் பந்துக்கே பழகிப்போயிருந்த ஜப்பான்காரர்கள், பந்து வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை மட்டையைச் சுழற்றிவிட்டு, மூன்றாவது தடவைக்குத் தெம்பில்லாமல் நின்றார்கள். ஒருத்தன் சுழன்ற வேகத்தில் உட்கார்ந்தே விட்டான். இரண்டு ரன் கொடுத்தோம், ஒரு ரன்னில் ஜெயித்தோம். எல்லோரும் சேர்ந்து அண்ணனைத் தோளில் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்து அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை பட்டியல் டைப் அடிக்க என்னிடம்தான் வந்தது. அனுப்புகிறவர்கள் பட்டியலில் பதினோராவது பெயர், அண்ணனின் பாஸ்போர்ட்டில் இருந்த அந்த நீளமான பெயர். நான் தொப்பி சாரின் அறைக்கு ஓடினேன். முந்தின நாள் ஜெயித்த கோப்பை மேஜை மேல் இருந்தது. "கேட்டில் உட்கார்ந்து எழுத இடது கை போதாதா?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து ஹெல்பர்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும், ஐவரும் தூக்குகிறவர்களாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு என்றார். "நீ எனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் திரும்பி வந்து பதினோராவது பெயரை டைப் அடித்தேன். ஓர் எழுத்து கூடத் தப்பவில்லை.

ஏர்போர்ட் பஸ் ஏறும் அன்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ரோமி அழுதான். அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். என்னிடம் வந்து, "வரேன் சார்" என்றார். கையில் அந்த வெள்ளைப் பந்து இருந்தது. "கையை நீட்டுங்க" என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கு நிச்சயமாகக் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

சில வருடங்களில் நானும் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன். திருநெல்வேலிக்குக் காரில் போகும்போதெல்லாம் உளுந்தூர்பேட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலைந்து தடவை தாண்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது மனைவியிடம் வேறு ஏதாவது பேச்சு எடுப்பேன். சத்தியத்தை மீறியவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? போன தடவை அவளே, "இன்னிக்காவது வண்டியத் திருப்புங்க" என்று சொல்லிவிட்டாள்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியம். அண்ணன் வாசலில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க சார். இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்றார். உள்ளே போனோம். சுவர் லிண்டலோடு நிற்கவில்லை, மேலே கூரை இருந்தது. காங்கிரீட் இல்லை, சிமெண்ட் ஷீட். வெயில் அப்படியே இறங்கியது. நான் மேலே பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் கெடைச்சிருந்தா போட்டிருப்பேன் சார்" என்றார்.

"தெரியும்ணே."

"அன்னிக்கி நீங்க பொய் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

அண்ணன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இப்ப வீசறதுக்கு ஆவாது. சாரத்து மேல நிக்கிறேன், பசங்க வீசறதைப் பிடிக்கிறேன். ஒருத்தனுக்கும் வீசத் தெரியல சார், உள்ளங்கையெல்லாம் காப்பு காச்சிப் போச்சி" என்று சிரித்தார். அண்ணி இலை போட்டுச் சோறும் ரசமும் பரிமாறினார்கள். அண்ணன் எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது கையால் சோற்றைக் குழைத்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோனார். ரசம் முழங்கை வரைக்கும் வழிந்தது. அதை நக்கிவிட்டு அடுத்த வாய் எடுத்தார். நான் என் இலையில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா சார் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோங்க" என்றேன், ஏதோ அது என் வீடு மாதிரி.